களை கட்டிய தோட்டம்

மழைக்காலத்தில் ஒரு நாள் பாசி பிடித்த படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. எழுத முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது என்பதெல்லாம்கூடப் பழகிவிட்டது. களை எடுக்க முடியாதே என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. மழை பெய்யும் நாட்களில் ஆறு வாரம் தோட்டத்தில் கை வைக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று செடி வளர்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

களை விஷயத்தில் நான் அதுவரை மிகவும் கறாராக இருந்தவன். வீட்டு முன்னால் நாலு பாத்தி. ரோஜா, செம்பருத்தி, நந்தியாவட்டை, சாமந்தி. ஞாயிறு காலையில் களைக்கொத்தியோடு உட்கார்ந்தால் நாலு பாத்தியையும் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன். செடிக்கும் செடிக்கும் நடுவில் வெறும் மண் தெரிய வேண்டும், அப்போதுதான் பூ எடுப்பாகத் தெரியும் என்பது என் எண்ணம். பிடுங்கி எறிந்த செடிகளில் ஒன்றின் முகத்தையாவது பார்த்திருப்பேனா? இல்லை. நான் வைக்காதது எல்லாம் களை, அவ்வளவுதான் கணக்கு.

கட்டுப் போட்ட முதல் வாரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாத்தியில் பச்சை ஊசி குத்தியதுபோல் முளைகள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் வாரம் அது பாய் விரித்ததுபோல் ஆகிவிட்டது. பொறுக்க முடியாமல் இடது கையால் பிடுங்கிப் பார்த்தேன். தண்டு கையோடு வந்தது, வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது. வேர் நின்றால் இன்னும் நாலு கிளை விட்டு வரும். சரி, விட்டுவிடலாம் என்று நாற்காலியை எடுத்து வைத்துவிட்டு, அதைவிடத் தாழ்வான ஒரு முக்காலியைப் பாத்தி ஓரமாகவே போட்டு உட்கார்ந்தேன். தாழ்வாக உட்கார்ந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று இப்போது தோன்றுகிறது. நின்று பார்த்தால் களை என்பது ஒரு பச்சைக் கறை. முழங்கால் உயரத்தில் கண்ணை வைத்தால் அது ஒரு காடு.

முதலில் கண்ணில் பட்டது மூக்குத்திப்பூ. வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு, தாத்தாப்பூ என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லும் செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கிளம்பி, உலகில் வெயிலும் ஈரமும் உள்ள இடமெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. உடம்பு தரையோடு படர்ந்து கிடக்கும், பூவை மட்டும் ஒரு சாண் நீளக் காம்பில் தனியாகத் தூக்கிப் பிடித்திருக்கும். வெள்ளை இதழ் ஐந்து இருக்கும், சிலதில் நாலு, சிலதில் ஆறு. ஒவ்வொரு இதழின் நுனியிலும் பல்வைத்து வெட்டியதுபோல் மூன்று பிசிறு. நடுவில் மஞ்சள் பொட்டு. மகளின் பள்ளிப் பையில் கிடந்த பூதக்கண்ணாடியை வாங்கி அந்தப் பொட்டைப் பார்த்தபோதுதான், நான் ஒரு பூ என்று நினைத்தது ஒரு பூங்கொத்து என்று புரிந்தது. பொட்டில் இருந்த ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் குழல் பூ. வெளி வட்டத்தில் இருந்தவை ஐந்து முனை நட்சத்திரமாக விரிந்திருந்தன. உள்ளே இருந்தவை இன்னும் மொட்டு. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, வரிசை தவறாமல் திறந்துகொண்டு போகின்றன. அந்த ஐந்து வெள்ளை இதழும்கூட ஆளுக்கொரு பூதான். சூரியகாந்தியும் சாமந்தியும் இதே குடும்பம், இதே கட்டமைப்பு. சாமந்தியைப் போற்றி வளர்த்துக்கொண்டே அதன் உறவுக்காரனை அத்தனை வருடமும் வேரோடு பிடுங்கி எறிந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் அதன் விதை. பூ வாடியதும் தலை உருண்டு ஒரு சாம்பல் நிறப் பஞ்சுருண்டை ஆகிறது. விதை ஒவ்வொன்றின் தலையிலும் இறகு போன்ற மயிர்க்குடை. காற்று வந்த பக்கத்து விதைகள் மட்டும் கிளம்பிப் போய், உருண்டையில் பாதி வழுக்கையாக நிற்கும் ஒரு தலையை ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரியில் களைகள் என்ன செய்கின்றன என்று நீங்கள் பார்த்ததுண்டா? நான் கை வலியில் தூக்கம் வராமல் டார்ச்சோடு வெளியே வந்தபோது பார்த்தேன். பகலில் மூன்று இதய வடிவ இலைகளை விரித்து வைத்திருக்கும் புளியாரை, ராத்திரியில் அந்த மூன்றையும் நடு நரம்போடு மடித்துக் குடை மடக்கியதுபோல் தொங்கவிட்டிருந்தது. கீழாநெல்லியும் இலைகளை மூடிக்கொண்டு நின்றது. பகலில் பச்சைப் பாயாகத் தெரிந்த பாத்தி ராத்திரியில் மெலிந்துபோய், இடையிடையே மண் தெரிந்தது. தூங்குமூஞ்சி மரம் இலை மூடுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். காலடியில் தினமும் அதே காரியம் நடக்கிறது.

கீழாநெல்லியின் அழகைப் பார்க்க வேண்டுமானால் கிளையைத் திருப்ப வேண்டும். மேலே வெறும் இலை வரிசை. கீழே, ஒவ்வொரு இலைக்கும் நேராக ஒரு கடுகளவு பூவோ காயோ, அளந்து கோத்த மணி வரிசையாக. புளியாரையின் மஞ்சள் பூ சிறியதுதான். ஆனால் அதன் காய் வானம் பார்த்து நிமிர்ந்து, ஐந்து பட்டை வைத்த குட்டி மெழுகுவத்தி மாதிரி நிற்கும். முற்றிய காயை விரலால் லேசாகத் தொட்டால் பட்டென்று வெடித்து விதைகளை உங்கள் முகத்தில் அடிக்கும். முதல் முறை உண்மையில் பயந்துவிட்டேன்.

ஆனால் எனக்குள் நிலைத்துவிட்ட செடி கானாவாழை. மூங்கில் இலையை அகலப்படுத்தியதுபோல் இலை, சதைப்பற்றுள்ள தண்டு, கணுவுக்குக் கணு வேர். தோட்டக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. வெட்டிப் போட்ட துண்டும் ஈரம் பட்டால் பிழைத்துக்கொள்ளும். இதன் பூ காலையில் மட்டும்தான். மடித்த படகு போன்ற ஒரு பச்சை உறைக்குள்ளிருந்து பூ தலையை நீட்டும். மேலே இரண்டு நீல இதழ்கள், யானைக் காது போல. மூன்றாவது இதழ் கீழே, சிறியதாக, நிறம் வெளுத்து. அந்த நீலம் என் தோட்டத்தில் காசு கொடுத்து வாங்கி வைத்த எந்தச் செடியிலும் இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நடுவில் பளிச்சென்று மஞ்சளாக மூன்று முடிச்சு. அவை மகரந்தம் தரும் கேசரங்கள் போலத் தோன்றினாலும் மலட்டுக் கேசரங்கள். பூச்சியின் கண்ணை இழுப்பதுதான் அவற்றின் வேலை. உண்மையான கேசரங்கள் அவற்றுக்குக் கீழே, அடக்கமான நிறத்தில் நீண்டிருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. வருகிற வண்டுக்கும் தேனீக்கும் கொடுக்க மகரந்தம் மட்டும்தான் உண்டு. அதனால்தான் இவ்வளவு அலங்காரம். மதியம் வந்தால் பூ வாடி உதிர்வதில்லை, உருகுகிறது. நீல இதழ்கள் கரைந்து ஒரு சொட்டு ஈரமாகி உறைக்குள்ளேயே போய்விடும். பன்னிரண்டு மணிக்கு மேல் தோட்டத்துக்கு வருகிற ஒருவர் கானாவாழை பூக்கும் என்பதையே அறியாமல் வாழ்நாளைக் கழித்துவிடலாம். நான் அப்படித்தான் இருந்தேன். ஞாயிறு காலை என்றாலும் எனக்குத் தோட்டத்தில் காலை என்பது பத்து மணிக்கு மேல், பிடுங்குகிற அவசரத்தில்.

மாவுக்கட்டைப் பிரித்த மறுவாரம், ரோஜாவின் மேல் ஏறியிருந்த ஒரு கானாவாழையை மட்டும் எடுத்துவிடலாம் என்று பலமில்லாத கையால் மெதுவாகத் தோண்டினேன். மெதுவாகத் தோண்டியதால்தான் பார்க்கக் கிடைத்தது. மண்ணுக்கு அடியில், வெளுத்த தண்டுகளில், நிறமே இல்லாத சின்னச் சின்ன மொட்டுகள். மொட்டு இல்லை, அவையும் பூக்கள். கானாவாழை நிலத்துக்கு அடியிலும் பூக்கிறது! அந்தப் பூக்கள் ஒருபோதும் திறப்பதில்லை. மூடிய உறைக்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே ஏற்று, விதையும் வைத்துவிடுகின்றன. மேலே பூச்சி வரலாம், வராமல் போகலாம், ஆடு மேயலாம், என்னைப் போல ஒருவன் வந்து பிடுங்கலாம். கீழே உள்ள விதை பத்திரம். அந்த ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீல நிறத்தை எல்லாம் மேலே செலவழித்துவிட்டு, கீழே ஒரு நிறமும் இல்லாமல் பூத்துக் கிடக்கிறது ஒரு செடி.

இவ்வளவு விதையும் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்போதுதான் பிடித்துக்கொண்டது. காற்றில் கொஞ்சம் வருகிறது, பறவை எச்சத்தில் கொஞ்சம். மிச்சமெல்லாம் மண்ணுக்குள்ளேயே காத்திருந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் இருந்தார். விவசாயிகள் எத்தனை வருடம் களை எடுத்தால் நிலத்தில் களைவிதை தீரும் என்று அறிய விரும்பினார். 1879-இல் 20 பாட்டில்களில் மணலோடு களைச்செடிகளின் விதைகளை, வகைக்கு 50 வீதம், கலந்து புதைத்துவைத்தார். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்க்க வேண்டும். அவர் காலம் முடிந்தது, அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் தொடர்ந்தார்கள். 2021-இல் ஒரு பாட்டிலை எடுத்தார்கள், விதைகள் மேல் வெளிச்சம் படாமல் ராத்திரியில் தோண்டி. வெர்பாஸ்கம் என்ற களையின் விதைகள், 140 ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்தபின், முளைத்தன. கடைசிப் பாட்டிலின் முறை 2100-இல்தான். பீல் கேட்ட கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை.

ராத்திரியில் ஏன் தோண்டினார்கள் என்பதில்தான் எனக்கு ஒரு பாடம் இருந்தது. பொடி விதைகளில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சத்தின் தொடுதல் வேண்டும். மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் வரை தூங்கும். மண்ணைக் கிளறும்போது ஒரு கணம் வெளிச்சம் பட்டாலே சிலதுக்குப் போதும், விழித்துக்கொள்ளும். அதாவது ஒவ்வொரு ஞாயிறும் நான் களைக்கொத்தியால் மண்ணைக் கொத்திக் கொத்தி, அடுத்த ஞாயிறுக்கான களையை நானே எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தேன்.

டார்வினும் இதே வேலையைப் பார்த்திருக்கிறார் என்று படித்தபோது மனசுக்கு நெருக்கமாக இருந்தது. மூன்றடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு துண்டு நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, அதில் தானாக முளைக்கும் ஒவ்வொரு களையையும் எண்ணிக்கொண்டே வந்தார். 357 முளைத்தன. அவற்றில் 295 அழிந்துபோயின, பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளாலும் பூச்சிகளாலும். என் பாத்தியில் நான் பிடுங்காமலே கால்வாசிகூட மிஞ்சியிருக்காது என்பதை அந்த எண்ணிக்கையிலிருந்து புரிந்துகொண்டேன். தினமும் காலையில் முளைகளில் பாதியாவது மொட்டையாக நின்றதை நானும் பார்த்தேன்தானே.

சரி, அழகு என்று சொல்லிவிட்டுப் பூச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. என்னிடம் அடுக்கு ரோஜா ஒன்று உண்டு. இதழ் மேல் இதழாக, நடுவே எதுவும் தெரியாத அளவுக்கு நெருக்கமாகப் பூக்கும். அந்த ரோஜாவில் தேனீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காரணம் எளிது. அடுக்குப் பூவில் கேசரங்களாக வர வேண்டியவைதான் இதழ்களாக மாறியிருக்கும். நம் கண்ணுக்காகப் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய இதழ்கள் அவை. தேனீக்கு அங்கே வேலையில்லை. அதே ரோஜாவின் காலடியில் நிற்கும் மூக்குத்திப்பூவில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வகைப் பட்டாம்பூச்சிகளும் இரண்டு வகைத் தேனீக்களும் வந்து போயின. தும்பையின் வெள்ளைப் பூவில், கீழ் உதடு பெரிதாகப் படிக்கட்டு போல நீண்டிருக்கும், மேல் உதடு மயிர் அடர்ந்த முக்காடு. தேனீ படியில் இறங்கி உள்ளே தலையை நுழைக்கும்போது முக்காடு அதன் முதுகில் மகரந்தத்தைத் தடவி அனுப்பும். தும்பைப்பூ மாதிரி வெள்ளை என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டே அந்தப் பூவை ஒருநாளும் உற்றுப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

நகத்தளவே இருக்கும் ஒரு வெளிர்நீலப் பட்டாம்பூச்சி புளியாரை மேலேயே சுற்றிச் சுற்றி வரும். பூவைத் தேடியல்ல, முட்டை வைக்க. அதன் புழுவுக்குப் புளியாரைதான் இலை. புளியாரையைப் பிடுங்கிய வருடங்களில் அந்த நீலம் என் தோட்டத்தில் பறக்கவில்லை, நான் அதைக் கவனிக்கவும் இல்லை. தேள்கொடுக்கு என்று ஒரு களை உண்டு. பூக்கொத்து தேளின் வால் போலச் சுருண்டு, பூக்கள் கீழிருந்து வரிசையாகத் திறக்கத் திறக்கச் சுருள் பிரிந்துகொண்டே வரும். பிடுங்கி வேலியோரம் போட்ட ஒரு தேள்கொடுக்கு காய்ந்து சருகானபோது, அதன் மேல் ஆண் வரியன் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வந்து ஒட்டிக்கொண்டன. காய்ந்த செடியில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். அந்தச் செடியின் நச்சுச் சத்தை உறிஞ்சிச் சேர்த்து, பெண் பூச்சியைக் கவரும் மணத்தை அவை உண்டாக்கிக்கொள்கின்றன. செத்த களைக்கும் இவ்வளவு மதிப்பு.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தச் செடிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எதிரில் இருப்பவர் உடனே இது எந்த நோய்க்கு நல்லது என்று ஆரம்பித்துவிடுகிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு அதில் ஒரு வருத்தம் இருக்கிறது. மனிதனுக்கு மருந்தாக இருந்தால்தான் ஒரு செடிக்கு நிற்க இடம் உண்டா? ரோஜாவைப் பார்த்து யாரும் இது எதற்கு ஆகும் என்று கேட்பதில்லை. அழகாக இருக்கிறது, அது போதும் என்று விடுகிறோம். அந்த ஒரு சலுகையை அம்மான் பச்சரிசிக்கும் கொடுக்கலாம் என்பதுதான் நான் கேட்பது. ஜோடி ஜோடியாக இலை, இலைக் கக்கத்தில் பச்சையும் சிவப்பும் கலந்த பூவுருண்டை, அதற்குச் சித்திரப்பாலாடை என்று இன்னொரு பெயர். பெயர் வைத்தவர் அதை நின்று பார்த்திருக்கிறார்.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரும் அப்படிப் பார்த்தவர். 1503-இல் அவர் வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியம் வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மனிதர் இல்லை, கட்டடம் இல்லை. பின்னணிகூட வெற்றாக இருக்கும். ஒரு பிடி களைதான் ஓவியமே. புற்கள், அகன்ற இலைப் பூண்டுகள், பூ மூடிய டேன்டேலியன் என்ற மஞ்சள் பூக் களைகள். கீழே ஈர மண்ணில் வேர் இழைகள்கூடத் தெரியும். பார்க்கிற கோணம் தரையோடு தரையாக இருக்கும். அவரும் எங்காவது ஒரு முக்காலியில் தாழ்வாக உட்கார்ந்துதான் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு பொறுமையை ஒருவர் ஒரு பிடிப் புல்லுக்குக் கொடுத்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோகிறேன்.

எல்லாவற்றையும் விட்டுவைக்கிறேனா என்றால் இல்லை. பார்த்தீனியத்தைக் கண்டால் பூக்கும் முன்னே கையுறை போட்டு எடுத்துவிடுவேன். அது தோலையும் மூச்சையும் பாதிக்கும், ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், பக்கத்தில் வேறு எதையும் எளிதில் வளரவிடாது. கோரையோடு இன்னும் போராட்டம்தான். மேலே இழுத்தால் புல் வரும், கீழே கிழங்குகள் சங்கிலியாக நிற்கும். உலகின் மோசமான களைகளின் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பார்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. புதிதாக நட்ட நாற்றைச் சுற்றி ஒரு முழம் சுத்தமாக வைக்கிறேன், இல்லாவிட்டால் தண்ணீரையும் வெளிச்சத்தையும் களை முந்திக்கொள்ளும். மூக்குத்திப்பூ விதை போடுவதற்குள் பாதித் தலைகளைக் கிள்ளிவிடுகிறேன். கானாவாழை பாத்தி எல்லையைத் தாண்டினால் வெட்டுகிறேன். பாத்தியின் விளிம்பை மட்டும் கோடு பிடித்ததுபோல் ஒழுங்காக வைக்கிறேன். விளிம்பு ஒழுங்காக இருந்தால் உள்ளே இருக்கும் அடர்த்தி வேண்டுமென்றே வைத்ததாகத் தெரிகிறது. இது அனுபவத்தில் கண்டது.

அப்படியும், வீட்டுக்கு வந்த ஒருவர் "என்ன, தோட்டத்தைக் கவனிக்கிறதே இல்லையா?" என்று கேட்டார். முன்பைவிடப் பத்து மடங்கு கவனிக்கிற காலத்தில் அந்தக் கேள்வி வந்தது. பதில் சொல்லாமல் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து முக்காலியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் புளியாரைக் காயை வெடிக்க வைத்து விளையாடிவிட்டுப் போனார்.

நம் மொழியில் களை என்றால் பிடுங்க வேண்டியது. களையான முகம் என்றால் பார்க்கத் தோன்றும் முகம். விழா களை கட்டிவிட்டது என்றால் கூட்டமும் சத்தமும் உயிரும் வந்துவிட்டது என்று பொருள். முதல் களை வேறு, மற்ற களை வடமொழிக் கலையிலிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சி தெரிந்தவர்கள் பிரித்துக் காட்டுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் மழை விட்ட ஒரு காலையில், எட்டு மணிக்கு, நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாக அந்த நாலு பாத்தியைப் பார்க்கும்போது என் வாயில் இரண்டும் ஒரே சொல்லாகத்தான் வருகிறது.

இப்போதும் ஞாயிறு காலை களைக்கொத்தியோடு உட்காருகிறேன். எட்டு மணிக்கு முன்னே. முன்பு நாலு பாத்தி முடித்த நேரத்தில் இப்போது ஒன்று முடிவதில்லை. எடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது, முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. போன வாரம் சாமந்திப் பாத்தியின் மூலையில் பெயர் தெரியாத ஒன்று முளைத்தது. இரண்டே இலை, விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு. வீட்டில் வேறு யாரும் தெரியாமல் பிடுங்கிவிடக் கூடாதென்று பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவைத்திருக்கிறேன். இன்று காலை பார்த்தேன், மூன்றாவது இலை வந்துகொண்டிருக்கிறது.